தழும்புச் சிகிச்சை ஆய்வுகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ ஆய்வில் சேர வருகிறவர்களுக்கு ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் படித்து விளக்குவது என் வேலை. அதில் அதிக காலம் தழும்புச் சிகிச்சை ஆய்வுகளில்தான் கழிந்தது. தீக்காயம் பட்டவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முகப்பரு விட்டுச் சென்ற குழிகளோடு வருகிறவர்கள் என்று ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் தழும்புக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை, அதைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆய்வு எப்படி நடக்கிறது, அதன் முடிவை எப்படிப் படிப்பது என்பது மட்டுமே என் பங்கு.

ஆய்வு என்றால் என் உடம்பில் சோதித்துப் பார்ப்பதுதானே?

ஆமாம். அதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு சிகிச்சை பலன் தருமா, கேடு செய்யுமா என்பது இன்னும் உறுதியாகத் தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. தெரிந்திருந்தால் உங்களை அழைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கியில் ஏற்று, பின்னர் பலமுறை திருத்திய பிரகடனம் அந்த எல்லைகளை வகுத்திருக்கிறது. என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். ஆய்வாளரைச் சாராத நெறிமுறைக் குழு அதைப் படித்து அனுமதிக்க வேண்டும். பங்கேற்பவர் எல்லாவற்றையும் அறிந்து, தானாக முன்வந்து ஒப்புதல் தர வேண்டும். புரியாத வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். ஐந்து முறை கேட்டாலும் ஐந்து முறையும் விளக்குவது எங்கள் கடமை.

தழும்பு நாளாக ஆக மங்கத்தானே போகிறது, இதற்கு ஏன் ஒரு ஆய்வு?

இந்தக் கேள்வியிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. கீழே வரும் பல பதில்கள் இதைத் தொட்டுத்தான் போகும்.

காயம் ஆறும்போது உடல் அவசர வேலை செய்கிறது. முதலில் ரத்தம் உறைகிறது, பிறகு அழற்சி, அதன் பிறகு தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் வேகமாகக் குவிகின்றன. முதல் சில மாதங்களில் தழும்பு சிவந்தும் தடித்தும் அரிப்போடும் இருப்பது இதனால்தான். அடுத்துத் தொடங்கும் சீரமைப்புக் கட்டம் மெதுவானது. ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் நீளும். அந்தக் காலத்தில் பெரும்பாலான தழும்புகள் தாமாகவே வெளுத்து, தட்டையாகி, மென்மையாகின்றன.

இப்போது யோசியுங்கள். தழும்பு மிக மோசமாகத் தெரியும் மூன்றாம் மாதத்தில்தான் ஒருவர் களிம்பு வாங்குகிறார். ஒன்பதாம் மாதம் கண்ணாடியில் பார்க்கிறார்; மங்கியிருக்கிறது. களிம்புக்கு நன்றி சொல்கிறார். தடவாமல் விட்டிருந்தாலும் அதே அளவு மங்கியிருக்குமா என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனாலும் அது சான்று ஆகாது. சிகிச்சை பெற்ற தழும்பையும் பெறாத தழும்பையும் ஒரே காலத்தில், ஒரே அளவுகோலால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். ஆய்வு என்பது அந்த ஒப்பீடுதான்.

என் தழும்பைப் பார்த்துவிட்டு “இந்த ஆய்வுக்குப் பொருந்தாது” என்று அனுப்பிவிட்டார்களே, ஏன்?

தழும்பு என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. காயத்தின் எல்லைக்குள்ளேயே மேடிட்டு நிற்பது தடித்த தழும்பு. அது பெரும்பாலும் காலப்போக்கில் ஓரளவு அடங்கும். காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் பரவுவது கீலாய்டு. காது மடல், நெஞ்சு, தோள் ஆகிய இடங்களில் அதிகம் வரும். தானாக அடங்குவது அரிது. முகப்பருவால் வருவது குழித் தழும்பு, அங்கே திசு குறைந்துபோயிருக்கிறது. தீக்காயத்துக்குப் பின் மூட்டை மடக்க முடியாமல் இழுத்துப் பிடிக்கும் தழும்பு இன்னொரு வகை.

கொலாஜனைக் குறைக்கும் மருந்தைக் கீலாய்டில் சோதிப்பதில் பொருள் இருக்கிறது. குழித் தழும்பில் அதைப் போட்டால் குழி ஆழமாகலாம். வகைகளைக் கலந்து ஒரே ஆய்வில் போட்டால் முடிவு யாருக்கும் உதவாது. கர்ப்பம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், அண்மையில் செய்துகொண்ட வேறு சிகிச்சை போன்ற காரணங்களாலும் மறுப்பார்கள். இது உங்களைக் காப்பதற்காகவும்தான். மனம் நொந்துபோக வேண்டாம்.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்கிறார்களே, அது என்ன?

முதல் கட்டத்தில் சிலரிடம் மட்டும் கொடுத்து, பாதுகாப்பானதா, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் பலன் தென்படுகிறதா, எந்த அளவில் தென்படுகிறது என்று தேடுவார்கள். மூன்றாம் கட்டம் பெரிய ஒப்பீடு. மருந்துக்கு அனுமதி கிடைப்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. விற்பனைக்கு வந்த பிறகு நடக்கும் கண்காணிப்பு நான்காம் கட்டம். லேசர், சிலிகோன் தாள் போன்றவை மருந்தல்ல, கருவிகள். அவற்றின் ஆய்வுகளில் இந்த வரிசை அப்படியே இருக்காது.

எனக்கு வெற்று மருந்துதான் கிடைக்கும் என்றால் நான் ஏன் வர வேண்டும்?

நியாயமான வருத்தம். வெற்று மருந்து என்பது பார்வைக்கும் தொடுவதற்கும் உண்மை மருந்தைப் போலவே இருக்கும், ஆனால் செயல்படும் பொருள் இல்லாதது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்கிறது. மருத்துவரே தேர்ந்தெடுத்தால், தன்னையறியாமல் மோசமான தழும்புக்காரர்களுக்கு மருந்தையும் லேசான தழும்புக்காரர்களுக்கு வெற்று மருந்தையும் கொடுத்துவிடக்கூடும்.

தழும்பு ஆய்வில் வெற்றுக் களிம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. தினமும் இருமுறை தடவும்போது தேய்க்கிறோம், தோல் ஈரமாகவே இருக்கிறது. அந்தத் தேய்ப்பும் ஈரப்பதமுமே கொஞ்சம் மாற்றம் செய்யலாம். அதைக் கழித்துவிட்டு மருந்தின் பங்கை மட்டும் அறிய வேறு வழியில்லை. நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் இடத்தில், புதியதை வெற்று மருந்தோடு ஒப்பிடாமல் அந்தப் பழைய சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். கீலாய்டு ஆய்வுகள் பலவற்றில் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி அப்படி ஒப்பீடாக நிற்கிறது.

ஒரே தழும்பில் பாதிக்கு மட்டும் மருந்து போடுகிறார்கள். இது என்ன வினோதம்?

எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஒருவர் தோலும் இன்னொருவர் தோலும் ஒன்றல்ல. வயது, மரபு, காயத்தின் இடம் எல்லாம் வேறு. ஒரே தழும்பை இரண்டாகப் பிரித்தால் நீங்களே உங்களுக்கு ஒப்பீடு. குறைந்த ஆட்களை வைத்தே தெளிவான விடை கிடைக்கும்.

1999-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வை எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். தோல் புற்றுநோய்க் கட்டி அகற்றப்பட்ட 15 பேர். தழும்பின் ஒரு பகுதிக்குச் சாதாரணக் களிம்பு, மறு பகுதிக்கு அதே களிம்பில் வைட்டமின் ஈ கலந்தது. தழும்புக்கு வைட்டமின் ஈ நல்லது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. முடிவோ, 90 சதவீதத்தினரில் வைட்டமின் ஈ எந்த மாற்றமும் செய்யவில்லை அல்லது தழும்பை மோசமாக்கியது. மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. பதினைந்தே பேர் என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் பாதித் தழும்பு முறை இல்லாமல் இவ்வளவு சிறிய குழுவில் இதைக் கண்டிருக்கவே முடியாது. இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. பூசும் மருந்தோ ஊசி மருந்தோ பக்கத்துப் பாதிக்கும் கசிந்தால் வேறுபாடு மறைந்துவிடும்.

எந்தப் பக்கம் மருந்து என்று டாக்டருக்கே தெரியாதாமே, அது எப்படி?

குப்பிகளில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எது என்ற பட்டியல் வேறொருவரிடம் பூட்டி இருக்கும். அவசர மருத்துவத் தேவை வந்தால் அதைத் திறக்கவும் ஏற்பாடு உண்டு.

லேசர், தழும்பை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடை போன்றவற்றில் இப்படி மறைக்க முடியாது. சூடுபட்டது உங்களுக்குத் தெரியும். அப்போது மதிப்பிடுபவரையாவது மறைப்பில் வைக்க வேண்டும். உங்கள் தழும்பின் படங்களை, எது முன்பு எது பின்பு, எது மருந்து எது வெற்று என்று தெரியாத வேறு ஊர் நிபுணர்கள் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். படம் எடுப்பதும் லேசான காரியமல்ல. பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடும் குழியும் பூதாகாரமாகத் தெரியும். நேர் வெளிச்சத்தில் அதே தழும்பு காணாமல் போகும். ஒரே தூரம், ஒரே விளக்கு, ஒரே கோணம் இல்லாத “முன்–பின்” படங்களை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

அழகு என்பது அவரவர் கண்ணில்தானே? தழும்பை எப்படி அளக்க முடியும்?

இயன்ற வரை அளக்கிறார்கள். தீக்காயத் தழும்புகளுக்காக 1990-இல் வெளியான வான்கூவர் அளவுகோல் இன்றும் பரவலாக உண்டு. நிறம், ரத்த ஓட்டம், நெகிழ்வு, உயரம் ஆகிய நான்குக்கும் மதிப்பெண்; மொத்தம் 13. பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க இயல்பான தோல். தடிமனை அல்ட்ராசவுண்டாலும் நெகிழ்வைத் தோலை உறிஞ்சிப் பார்க்கும் கருவியாலும் அளப்பதுண்டு.

வான்கூவர் அளவுகோலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தழும்பைச் சுமப்பவரை அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவெல்லாம் அரிக்கிறது என்பதற்கு அதில் இடமே இல்லை. 2004-இல் வந்த போசாஸ் என்ற அளவுகோல் இதைச் சரிசெய்தது. பார்ப்பவருக்கு ஒரு தாள், தழும்பு உள்ளவருக்கு ஒரு தாள். உங்கள் தாளில் வலி, அரிப்பு, நிறம், விறைப்பு, தடிமன், சமமின்மை ஆகிய ஆறுக்கும் 1 முதல் 10 வரை எண் போடுவீர்கள். அந்தத் தாளை அவசரமாக நிரப்பாதீர்கள். மருத்துவருக்குப் பிடிக்கும் என்று நல்ல எண் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அன்பு அடுத்து வரும் நோயாளிகளுக்குக் கெடுதலாக முடிகிறது.

ஒரு வருடம் வந்துபோகச் சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் தெரியாதா?

இரண்டாவது பதிலில் சொன்ன சீரமைப்புக் கட்டம்தான் காரணம். மூன்று மாதத்தில் பார்ப்பது வேகாத சோற்றைப் பதம் பார்ப்பது போல. கீலாய்டில் இன்னொரு காரணமும் சேர்கிறது: வெறுமனே வெட்டி எடுத்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வளர்ந்துவிடுகிறது என்று பல மருத்துவ அறிக்கைகள் சொல்கின்றன. வளர மாதங்கள், சில நேரம் வருடங்கள் ஆகும். ஆறாம் மாதத்தில் ஆய்வை முடித்து “மீண்டும் வரவில்லை” என்று எழுதுவது எளிது. அதனால் கீலாய்டு ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது கண்காணிப்புக் காலத்தைத்தான்.

எலிகளில் தழும்பே இல்லாமல் காயம் ஆறிவிட்டதாகச் செய்தி படித்தேன். நமக்கு எப்போது வரும்?

நீங்கள் படித்தது வெர்டிபோர்பின் பற்றிய செய்தியாக இருக்கலாம். கண் நோய்க்கு ஏற்கெனவே பயன்படும் மருந்து அது. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் எலிகளின் காயத்தில் செலுத்தியபோது, மயிர்க்கால்களும் சுரப்பிகளுமாகக் கிட்டத்தட்டப் பழைய தோலே திரும்ப வந்தது. அதை 2021-இல் வெளியிட்டார்கள். படித்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது.

ஆனால் எலியின் தோல் தளர்வானது. அடியில் ஒரு மெல்லிய தசைப் படலம் உண்டு. காயம் பட்டதும் அது சுருங்கி விளிம்புகளை இழுத்து மூடிவிடும். மனிதத் தோல் பெரும்பாலும் புதுத் திசு வளர்ந்து ஆறுகிறது. கீலாய்டோ மனிதர்களின் நோய். எலியில் இயல்பாக வருவதில்லை. பன்றித் தோல் நமக்கு இன்னும் நெருக்கமானது என்றாலும் அதுவும் நாமல்ல. எலியில் வென்றது மனிதரில் சோதிக்கத் தகுதி பெற்றிருக்கிறது, அவ்வளவுதான்.

மனிதர்களிடமே இரண்டாம் கட்டத்தில் வென்றுவிட்டால் பிறகு கவலையில்லை அல்லவா?

இதற்கு ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். தாயின் கருப்பையில் இருக்கும் இளங்கருவுக்குக் காயம் பட்டால் தழும்பின்றி ஆறுகிறது. ஏன் என்று தேடியவர்கள், கருவின் காயத்தில் டிஜிஎப் பீட்டா 3 என்ற புரதம் அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அதையே செயற்கையாக உருவாக்கி, வெட்டுக்காயத்தின் விளிம்புகளில் ஊசியாகப் போட்டால் என்ன? இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரெனோவோ என்ற நிறுவனம் அதைத்தான் செய்தது. மருந்தின் பெயர் அவோடெர்மின், வணிகப் பெயர் ஜூவிஸ்டா.

தன்னார்வலர்கள் தங்கள் கையின் உட்புறத்தில் சிறு வெட்டுகளை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கையில் மருந்து, மறு கையில் வெற்று மருந்து. 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவுகள் நம்பிக்கையூட்டின. மருந்து போட்ட பக்கம் நன்றாக இருந்தது. பிறகு, பழைய தழும்பை அறுத்துச் சீரமைக்கும் நோயாளிகளிடம் மூன்றாம் கட்ட ஆய்வு. 2011 பிப்ரவரியில் முடிவு வந்தது. வெற்று மருந்தைவிட மேலாக இல்லை. அத்தோடு அந்த மருந்தின் பயணம் நின்றது.

யாரும் ஏமாற்றவில்லை. கையில் நேராகப் போட்ட புதுச் சிறு வெட்டும், உடலின் பல இடங்களில் இழுவிசையோடு இருக்கும் பழைய தழும்பை அறுத்த காயமும் ஒன்றல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கோட்பாடு அழகாக இருந்தது, ஆரம்ப முடிவுகள் நன்றாக இருந்தன. பெரிய ஒப்பீட்டில் நிற்கவில்லை. இந்தக் கதையைக் கேட்டபின் “ஏன் இத்தனை கட்டங்கள்” என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை.

சிலிகோன் தாளும் அழுத்த உடையும் எல்லா டாக்டர்களும் கொடுக்கிறார்களே, அவை நிரூபிக்கப்பட்டவைதானே?

நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. சிலிகோன் தாள் பற்றிய 20 ஆய்வுகளை, மொத்தம் 873 பேர், 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு சேர்த்துப் பார்த்தது. பலன் இருக்கலாம் என்பதற்குப் பலவீனமான சான்றுதான் கிடைத்தது. பெரும்பாலான ஆய்வுகளின் தரம் குறைவு. அழுத்த உடை பற்றிய 6 ஆய்வுகளை 2009-இல் தொகுத்தபோது, தழும்பின் உயரம் சிறிது குறைந்தது, ஒட்டுமொத்தத் தோற்றத்தில் தெளிவான மாற்றம் இல்லை.

இதைக் கேட்டு உடையைக் கழற்றி எறியாதீர்கள். சான்று பலவீனமாக இருப்பது வேறு, பலன் இல்லை என்று நிரூபணமாவது வேறு. ஆபத்து குறைவு என்பதால் மருத்துவர்கள் தருகிறார்கள். வெயில் காலத்திலும் இருபத்து மூன்று மணி நேரம் இறுக்கமான உடையில் இருக்கும் ஒரு குழந்தைக்கு அதன் பலன் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பழகிப்போன சிகிச்சைகளுக்கும் நல்ல ஆய்வு வேண்டும்.

களிம்பு டப்பாவில் “மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்று போட்டிருக்கிறதே?

மூன்று கேள்விகள் கேளுங்கள். எதோடு ஒப்பிட்டார்கள்? யார் மதிப்பிட்டார்கள்? எத்தனை மாதம் பார்த்தார்கள்? “பயன்படுத்தியவர்களில் இத்தனை சதவீதம் பேர் திருப்தி அடைந்தார்கள்” என்று மட்டும் இருந்தால், இரண்டாவது பதிலின் களிம்புக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நுட்பமான இன்னொரு வழியும் உண்டு. எட்டு விஷயங்களை அளந்து, தற்செயலாக நன்றாக வந்த ஒன்றை மட்டும் வெளியிடுவது. இதைத் தடுக்கத்தான் முன்பதிவு வந்தது. எதை முதன்மையாக அளக்கப் போகிறோம் என்பதை ஆள் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள் இதைக் கட்டாயமாக்கின. பதிவேட்டில் உள்ளதும் வெளியான கட்டுரையில் உள்ளதும் ஒன்றா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். “புள்ளியியல் அடிப்படையில் குறிப்பிடத்தக்கது” என்பதையும் கவனியுங்கள். 13 மதிப்பெண்ணில் அரை மதிப்பெண் குறைந்தாலும் அப்படி எழுத முடியும். உங்கள் கண்ணுக்கு அது தெரியாமலே போகலாம்.

எனக்குக் கறுப்பு நிறம். வெள்ளைத் தோல்காரர்களிடம் செய்த லேசர் ஆய்வு எனக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லேசர் ஒளியைக் கறுத்த தோலின் நிறமியான மெலனினும் உறிஞ்சுகிறது. அதனால் கருந்திட்டுகளோ வெளுத்த திட்டுகளோ வரும் வாய்ப்பு கூடுதல். கீலாய்டும் கறுத்த தோலில்தான் அதிகம். அதிகம் தேவைப்படுகிறவர்களே ஆய்வுகளில் குறைவாக இருப்பது பெரிய அநீதி. கட்டுரையில் பங்கேற்றவர்களின் தோல் வகை ஃபிட்ஸ்பேட்ரிக் அளவில் 1 (மிக வெளுத்தது) முதல் 6 (மிகக் கறுத்தது) வரை என்று குறிக்கப்பட்டிருக்கும். 5, 6 வகையினர் எத்தனை பேர் என்று பாருங்கள், அல்லது மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தழும்பு இன்னும் மோசமாகிவிட்டால் யார் பொறுப்பு?

மோசமாகலாம். ஸ்டீராய்டு ஊசி தோலை மெலிய வைக்கும், நிறத்தை வெளுக்கச் செய்யும். கீலாய்டு வரும் உடல்வாகு உள்ளவருக்குப் புதுக் காயமே புதுக் கீலாய்டு ஆகலாம். இவையெல்லாம் படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆய்வால் கேடு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, இழப்பீடு உண்டா என்பதையும் அதே படிவம் சொல்ல வேண்டும். அந்தப் பத்தி இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

ஆய்வில் சேரப் பணம் கட்டச் சொல்கிறார்கள். சரியா?

எச்சரிக்கையாக இருங்கள். சோதனையில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் விலை வாங்குவது முறையான ஆய்வுகளில் வழக்கமில்லை. பயணச் செலவு கொடுப்பதுகூட உண்டு. “பதிவேட்டில் இருக்கிறதே” என்பார்கள். பதிவேடு, ஆய்வு நடப்பதைத்தான் காட்டும். அது தரமானது என்று சான்றளிக்காது. ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல் பணம் வாங்கும் “ஆய்வு”, பெயர் மாற்றிய வியாபாரமாக இருக்கக்கூடும்.

நடுவில் விலகினால் கோபித்துக்கொள்வார்களா?

கோபித்துக்கொள்ளக் கூடாது. காரணம் சொல்லாமலே விலகலாம். உங்கள் வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. ஒரு வேண்டுகோள் மட்டும்: மருந்தை நிறுத்தினாலும், முடிந்தால் கடைசிப் பரிசோதனைக்கு வாருங்கள். பலன் இல்லாதவர்கள் எல்லாம் சத்தமில்லாமல் போய்விட்டால், மிச்சமிருப்பவர்களை வைத்து மருந்து நல்லதாகத் தெரிந்துவிடும்.

முடிந்த பிறகு எனக்கு எந்தப் பக்கம் மருந்து போட்டார்கள் என்று சொல்வார்களா?

எல்லாருடைய கண்காணிப்பும் முடிந்து பட்டியல் திறக்கப்பட்ட பிறகு சொல்ல முடியும். உங்கள் பகுதி முடிந்த அன்றே கேட்டால் எங்களுக்கே தெரியாது. சேரும்போதே “பின்னர் எனக்குத் தெரிவியுங்கள்” என்று எழுதிக் கேட்டு வையுங்கள். முடிவு வெளியாகும்போது அதன் எளிய சுருக்கத்தையும் கேளுங்கள். காத்திருக்கும் மாதங்களில் பலர் தங்களுக்குள் ஊகித்து வைத்திருப்பார்கள். ஒரு பெண்மணி, வயிற்றுத் தழும்பின் இடப் பாதிதான் மருந்து போட்ட பக்கம் என்று ஒரு வருடமாக உறுதியாக இருந்தார். பட்டியலைத் திறந்தபோது அது வெற்று மருந்துப் பக்கம். கொஞ்ச நேரம் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் இது தானாகவே ஆறியதா?” என்று கேட்டார்.